சூரியம்மா காலனியின் மூன்றாவது வீடு

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த வாரம் மலைக்கு வந்த வண்டியில் காய்கறிக் கூடை, தண்ணீர் மோட்டாருக்கு ஒரு புது பெல்ட், அப்புறம் உங்கள் உறை. நான் எதை முதலில் பிரித்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போன சமையல்காரர், "உனக்கு மட்டும் வாராவாரம் படம் வருது. எனக்கு முட்டைக்கோஸ்தான் வருது" என்று பெருமூச்சு விட்டார்.

போனில் பேசினால் என்ன என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். மறுபடியும் சொல்கிறேன். இங்கே செல்போனை வைத்திருப்பதே குற்றம். எங்கள் ரேடியோ தொலைநோக்கி வானத்திலிருந்து வரும் முணுமுணுப்பைக் கேட்கிற காது. அதன் பக்கத்தில் ஒரு போன் இருந்தால் காதுக்குள் தவில் அடித்த மாதிரி. அலுவலகத்தில் கம்பி போட்ட போன் ஒன்று உண்டு, மேலாளர் மேசையில். நான் ஹலோ என்றால் மலையில் இருக்கிற அத்தனை பேரும் ஹலோ சொல்வார்கள். ஆகவே கடிதம்தான்.

நீங்கள் வரையும் படக்கதைக்கு, சூரியம்மா காலனிக்கு வருகிறேன். வார இதழுக்குப் போகும் முன் என் திருத்தங்கள்:

புதனுக்குக் குளிரே தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு. பகலில் வாணலி, ராத்திரியில் ஐஸ்பெட்டி. பார்சல் கொண்டுபோகும் பையில் அவனுக்கு ஒரு ஸ்வெட்டர் வரையுங்கள். வெள்ளியை எல்லாருக்கும் எதிர்த்திசையில் நடக்கவிட்டிருக்கிறீர்கள். அதுவும் தப்பு. நடையில் அவள் எல்லாரோடும்தான் போகிறாள். தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும்போதுதான் வீம்புக்கு மறுபக்கம். சனியின் வளையங்கள் இந்தத் தடவை இட்ட இடத்தில் இருக்கின்றன, சந்தோஷம்.

பெரிய தப்பு ஒன்று. சூரியம்மா வீடு பக்கத்தின் இடது ஓரத்தில் இருக்கிறது. வெளிச்சம் அங்கிருந்துதான் வர வேண்டும், எல்லார் நிழலும் வலப்பக்கம் விழ வேண்டும். கடைசி சில வாரங்களாக நிழல் இடப்பக்கம் விழுகிறது. காலனிக்குள் இன்னொரு சூரியம்மா குடிவந்துவிட்டாரா?

மூன்றாவது வீட்டின் கதவை எப்போதுதான் திறப்பீர்கள்? மூன்று வருஷமாகப் பூமி வீட்டில் பூட்டு தொங்குகிறது. வாசல்படியில் நிலா மட்டும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நிலா பூமிக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும் என்பதை நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், ஆனால் பூமி எங்கே?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். சூரியம்மா உங்கள் அம்மா. அடுப்பை அணைக்கவே மாட்டார், எல்லாரையும் சுற்றி வர வைப்பார். கையில் ஸ்பானரோடு எதற்கெடுத்தாலும் சிவந்துபோகும் செவ்வாய், லிஃப்ட் மெக்கானிக்கான என் அண்ணன். இதில் நான் யார்? வெள்ளியா? வீம்பு பொருந்துகிறது.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவும் வேண்டாம்.

உங்கள்
நாத்தனார்


ஜூன் 11

அன்பான கணக்கம்மாவுக்கு,

நீ கேட்காத கேள்விக்குப் பதில்: உன் அண்ணன் நன்றாக இருக்கிறார்.

புதனுக்கு ஸ்வெட்டர் போட்டாகிவிட்டது. கழுத்துப் பட்டையில் சிக்கித் தலையை வெளியே எடுக்கத் தெரியாமல் ஒரு கட்டம் முழுக்கத் தவிக்கிறான், பார். வெள்ளியைத் திருப்பிவிட்டேன். என்ன இருந்தாலும் நீ ரொம்பக் கறார். போன வாரம் உன் திருத்தத்தைப் படித்துவிட்டு, இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் பல் தேய்க்கும் திசையைக்கூடத் திருத்துவாளே என்று நினைத்துக்கொண்டேன்.

நிழல் விஷயமாக இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம். வியாழன் வீட்டில் ஏதோ விசேஷம், விளக்கு போட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளேன். படிக்கிறவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள், அவர்கள் நிழலையா பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் அந்தப் பிள்ளைகள்தான் இப்போது என் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இதழின் ஆசிரியர் நேற்று ஒரு பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். எல்லாம் ஒரே கேள்வி. மூன்றாவது வீட்டில் யார்? ஒரு பிள்ளை, உள்ளே டைனோசர் இருக்கிறது என்கிறது. ஒன்று, பூமிக்கு அம்மை போட்டிருக்கிறது, அதனால் யாரையும் பார்க்கக் கூடாது என்கிறது. "நிலா அங்கிள் கிட்ட சாவி இல்லையா? பாவம், கூப்பிட்டுக் கொடுங்க" என்று ஒரு சாவியையே ஒட்டி அனுப்பியிருக்கிறது இன்னொன்று. நிஜமான அலமாரிச் சாவி. அவர்கள் வீட்டில் இப்போது எந்த அலமாரி திறக்காமல் கிடக்கிறதோ தெரியவில்லை.

ஆசிரியர் சொன்னார்: "ஆகஸ்ட்ல கதவைத் திறந்துடுங்கம்மா. இல்லேன்னா பசங்க என்னைப் பூட்டிடுவாங்க." சரி சரி என்று தலையாட்டி அனுப்பினேன். எப்படித் திறப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ வெள்ளி இல்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

இத்துடன் புதுப் பக்கங்கள். வியாழன் வயிற்றுக் கோடுகளுக்காக ஒரு முலாம்பழத்தை வைத்து இரண்டு காலை வேளை உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் பழம் வாடை அடித்தது. அதற்காகவாவது நன்றாக இருக்கிறது என்று எழுது.

உன்
அண்ணி


ஜூன் 17

அண்ணிக்கு,

கோடுகள் நன்றாக இருக்கின்றன. ரொம்பவே நன்றாக இருக்கின்றன. அதுதான் பிரச்சினை.

வியாழன் வயிற்றில் நாலாவது கோடு நடுவில் வில் மாதிரி வளைந்து மேலே போகிறது. நிஜ வியாழனில் அப்படி எதுவும் கிடையாது. முலாம்பழத்திலும் கிடையாது. அது பழத்தின் மேல் விழுந்த ஜன்னல் கம்பியின் நிழல். நீங்கள் பார்த்ததைத்தான் வரைவீர்கள்.

அந்தக் கம்பியை எனக்குத் தெரியும். நான்தான் வளைத்தேன். ஸ்கூல் படிக்கும்போது அட்டைக் குழாயில் ஒரு தொலைநோக்கி செய்து, அதை ஜன்னல் வழியாக வெளியே நீட்ட இடம் போதாமல் அண்ணனின் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். "ஜன்னலுக்குக் கம்பி வெச்சது திருடன் வராம இருக்கத்தான், நீ வழி பண்ணிக் கொடுக்கறியா" என்று அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னைக் காப்பாற்றினார்.

நிழல் ஏன் இடப்பக்கம் விழுகிறது என்பதும் இப்போது புரிகிறது. உங்கள் வரைகிற மேசை முன்னறையில் இருந்தபோது ஜன்னல் உங்கள் இடது கைப்பக்கம். என் அறையில் மேசை போட ஒரே சுவர்தான் உண்டு. அங்கே உட்கார்ந்தால் ஜன்னல் வலது கைப்பக்கம்.

ஆக, என் அறையை எடுத்துக்கொண்டீர்கள்.

எடுத்துக்கொள்ளுங்கள். வீடு உங்களுடையது. ஆனால் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம் அல்லவா? நான் போன மறுநாளே அண்ணன் அந்த அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அன்றைக்கு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போது அதைத் திறந்துவிட்டீர்கள் என்று தெரிந்ததும் அதைவிட ஆத்திரமாக வருகிறது. பூட்டினாலும் குற்றம், திறந்தாலும் குற்றமா என்று கேட்பீர்கள். ஆமாம், குற்றம்தான். பூட்டியிருந்தவரை யாரோ வர வேண்டியிருக்கிறது என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. மேசை போட்டுவிட்டால் யாரும் வர வேண்டியதில்லை.

போகும்போது "போறதுன்னா ஒரேயடியா போ" என்றார் அண்ணன். நானும் வாய்க்கு வாய் "ஒரேயடியாதான் போறேன்" என்றேன். இரண்டு பேரும் சொன்ன சொல் தவறாதவர்கள். இப்போதுதான் முழுசாக நடந்திருக்கிறது போல.

இரண்டு நாளாகக் காலனியை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். எப்போது பார்த்தாலும் படுத்தே கிடக்கும் யுரேனஸா நான்? லீவு நாளில் நான் அப்படித்தான் கிடப்பேன். கடைசி வீட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டு யாரோடும் பேசாத நெப்டியூனா? எது வேண்டுமானாலும் இருக்கட்டும். கேட்டுக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டு, "நானும் இந்தக் காலனிதான்" என்று கத்திக்கொண்டிருக்கும் புளூட்டோ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

திருத்தம்: நாலாவது கோட்டை நேராக்குங்கள்.

கணக்கு


ஜூன் 25

கணக்கம்மா,

உன் கடிதத்தை ஒரு தடவை படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். அடி பாவி என்று சத்தமாகவே சொன்னேன். ஒரு முலாம்பழத்தைப் பார்த்து ஒருத்தி மேசை எந்த அறையில் இருக்கிறது என்று சொல்கிறாள் என்றால், உன்னை அந்த மலையில் வைத்திருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

ஆமாம். உன் அறையில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பூட்டை உடைத்தது நான். சாவி கேட்டேன், எங்கேயோ போட்டுவிட்டேன் என்றார். பொய் என்று தெரியும். அவர் சாமான் பெட்டியிலிருந்தே சுத்தியலை எடுத்து இரண்டு போடு போட்டேன். நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில், "கதவு கீலுக்கு எண்ணெய் விடு, கிறீச்சுங்குது" என்றார். அவ்வளவுதான் சமாதானம்.

உன் சாமான் ஒன்றும் எங்கேயும் போகவில்லை. அலமாரியைத் தொடவில்லை. சுவரில் நீ பென்சிலால் போட்ட கணக்கெல்லாம் அப்படியே இருக்கிறது. ஒன்றில் விடை தப்பு என்று எனக்கே தெரிகிறது. மேசையை இங்கே கொண்டுவர ஒரு காரணம் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாரிடம் என்று கேட்காதே. இந்த வீட்டில் என்னைத் தவிர எத்தனை பேர்?

ஆனால் நீ எழுதிய ஒன்று எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் உன்னைத் துடைத்துவிட்டேன் என்றா நினைக்கிறாய்? ஆளில்லாத அறைக்கு மூன்று வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் வெளிப்பக்கம் கூட்டியவள் நான். உன் கோபம் எனக்குப் பழக்கம்தான். உன் அண்ணனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதெல்லாம் ஜுஜுபி. ஆனாலும் வலித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இங்கே என் பாடு வேறு. ஆசிரியர் இதழில் அறிவிப்பே போட்டுவிட்டார். "ஆகஸ்டில் மூன்றாவது வீடு திறக்கிறது!" என்று கொட்டை எழுத்தில். நாலு காகிதம் கிழித்துப் போட்டேன். எனக்குப் பார்க்காததை வரைய வராது, உனக்குத் தெரியும். எலுமிச்சம்பழம் இல்லாமல் புதனின் தலையைக்கூட எனக்குப் போடத் தெரியாது. ஞாபகத்திலிருந்து போட்டால் பொம்மை மாதிரி வருகிறது.

நீ புளூட்டோ இல்லை. யுரேனஸும் இல்லை, நெப்டியூனும் இல்லை. போதுமா?

நாலாவது கோடு வளைந்தே இருக்கட்டும். எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணி


ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில், சுவரில் இருக்கிற விடை தப்பில்லை. அது பாதிக் கணக்கு. மீதி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டாவது, வெளிப்பக்கம் கூட்டியதாக எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாததால் வேறு விஷயத்துக்குப் போகிறேன்.

என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் உண்டு. வானம் பளிச்சென்று இருக்கும்போதுகூட "சாயங்காலம் மேகம் போடும்" என்பார். ஆகவே அவருக்கு மேகம் என்றே பெயர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் காலனியின் பழைய பக்கங்களை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. "பார்க்காததை வரைய வராது." அப்படியென்றால் இந்தப் பக்கங்களில் இருப்பதெல்லாம் நீங்கள் அந்த வீட்டில் பார்த்தவை. உங்களிடம் கேட்டால் சொல்ல மாட்டீர்கள். படத்திடம் கேட்டால் சொல்லும்.

நெப்டியூனை முதலில் யாரும் கண்ணால் பார்க்கவில்லை, தெரியுமா? யுரேனஸ் நடக்க வேண்டிய வழியில் நடக்காமல் கொஞ்சம் விலகி விலகிப் போனது. யாரோ இழுக்கிறார்கள், அந்த யாரோ இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். பிறகு அந்த இடத்தில் பார்த்தார்கள், இருந்தது. நானும் அப்படி, யாருடைய நடை மாறியிருக்கிறது என்று பார்த்தேன்.

மேகம்தான் கண்டுபிடித்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே எட்டிப் பார்த்து, "ஏம்மா, இந்த ஆளு காலை மடக்கவே மாட்டாரா?" என்றார்.

நிலா. மூன்று வருஷமாக மூன்றாவது வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தவர், நிழல் மாறிய அதே வாரத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கத்திலும் எழுந்திருக்கவில்லை. இடது கால் நீட்டினபடி, குதிகால் ஒரு முக்காலியின் மேல். ஒரு கட்டத்தில் கையில் நீள ஸ்க்ரூடிரைவர். படியை ஏதோ ரிப்பேர் செய்கிறார் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதைக் கால்சட்டைக்குள் விட்டுச் சொறிந்துகொண்டிருக்கிறார். மாவுக்கட்டுப் போட்ட கால் அரித்தால்தான் அப்படிச் சொறிவார்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியில் நூல் சுற்றியிருக்கிறது. அந்த நூலைச் சுற்றிக் கொடுத்தது நான்.

அண்ணனுக்கு என்ன ஆச்சு, அண்ணி?

மாடிப்படி ஏற முடியாமல் அவர் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் மேசை என் அறைக்குப் போயிருக்கிறது. இதைத்தானே சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறார்? நீங்கள் வாக்கு மீறவில்லை. நானே கண்டுபிடித்தேன். இனி தாராளமாகச் சொல்லலாம்.

அலுவலகப் போன் வரை போனேன். மேலாளர் எழுந்து இடம்கூடக் கொடுத்தார். எடுக்கவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அழுதால் சமையல்காரர் வரைக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம், அண்ணி. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். செவ்வாய்தான் அண்ணன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, நிலாதான் அண்ணன் என்றால், அவர் எந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்?

வெள்ளி, யுரேனஸ், நெப்டியூன் என்று எல்லார் வீட்டிலும் போய் என்னைத் தேடினேன். பூமியில் நின்றுகொண்டு வானத்தைப் பார்ப்பவளுக்கு வானத்தில் எங்கேயும் பூமி தெரியாது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரியா? சீக்கிரம் எழுதுங்கள்.

கணக்கு


ஜூலை 9

என் கண்ணே, கணக்கம்மா,

சரி. எல்லாமே சரி. மார்க் போடுவதென்றால் நூற்றுக்கு நூறு. இனி இந்த வீட்டில் எதையும் மறைக்க வேண்டுமென்றால் நான் வரைவதையே நிறுத்த வேண்டும்.

மே மாதம் வேலையில் விழுந்துவிட்டார். லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கும் ஏணியில் ஒரு படி இல்லை. இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், அதைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுத்தவரே அவர்தான். அன்றைக்கு மறந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் முதல் வார்த்தை, "அவளுக்கு எழுதாதே."

"ஏங்க?" என்றேன்.

"எழுதினா பாவம்னு ஓடி வருவா. பாவம்னு யாரும் வர வேணாம். வரணும்னு தோணினா வரட்டும்."

உயிருக்கு ஆபத்து இல்லை, பயப்படாதே. போன வாரம் கட்டுப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்க வேண்டியதுதான், நடந்தால்தான் பலம் வரும், உட்கார்ந்தே இருந்தால் கால் அப்படியே விறைத்துவிடும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். இன்னும் அந்த முக்காலியில்தான் கால். "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார் தினமும். வலி என்கிறார். வலி இல்லை, பயம். எனக்குத் தெரியும், அதைச் சொன்னால் என் மேல் பாய்வார். அந்தக் குழிக்குள் இனி இறங்க முடியாதோ என்று பயந்து கிடக்கிற மனிதரை என்ன சொல்லி எழுப்புவது? கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் சாப்பாட்டை நாலடி தள்ளி வைத்துப் பார்த்தேன். பட்டினி கிடந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

எதற்கெடுத்தாலும் சிவந்துபோகும் அந்தச் செவ்வாய் நான்தான். நீ என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது உன் தப்பு.

நிலாவைப் பற்றிச் சொல்கிறேன். நம் வீட்டில் செருப்பு அலமாரி உன் அறைக் கதவுக்குப் பக்கத்தில்தானே. தினமும் வேலைக்குப் போகும்போது அங்கே நின்று ஷூ மாட்டுவார். ஷூ மாட்டிய பிறகும் நிற்பார். சமையலறை வாசலிலிருந்து அந்த முதுகைத்தான் நான் வரைந்துகொண்டிருந்தேன். அது நீ சொல்கிற விஞ்ஞானத்தோடு ஒத்துப்போகும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நீ பாராட்டியபோது பேசாமல் வாங்கிக்கொண்டேன். முன்னறையில் கட்டிலைப் போட்டபோது, எந்தப் பக்கம் பார்த்துப் போடட்டும் என்று கேட்டேன். வாயால் சொல்லவில்லை. உன் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

இப்போது உன் அறைக்குள் உட்கார்ந்து நிமிர்ந்தால் அவர் முகம் நேராகத் தெரிகிறது. மூன்று வருஷமாக முதுகையே வரைந்தவளுக்கு அது புதிது. இன்னும் வரையவில்லை.

உன்னை ஏன் வரையவில்லை என்று கேட்பாய். காலனி தொடங்கியபோது நீ மலைக்குப் போய்விட்டாய். பூமி என்றால் நீதான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அத்தனை வீட்டில் உயிரோட்டமாகப் பேசிக்கொண்டு, சண்டை பிடித்துக்கொண்டு, ஜன்னலை வளைத்துக்கொண்டு இருப்பது அந்த வீடு ஒன்றுதானே? ஆனால் வரைய ஆள் எதிரே இல்லை. போட்டோவைப் பார்த்துப் போட்டால் போட்டோதான் வருகிறது. ஆகவே கதவைச் சாத்திவிட்டேன்.

அவருக்கு இதெல்லாம் தெரியாது. இந்தக் காலனியைத் தலை எழுத்தே என்றுதான் படிக்கிறார். போன வாரம் இதழைப் புரட்டிவிட்டு, "அந்த நிலா ஆளுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டார்.

வருகிறாயா என்று நான் கேட்க மாட்டேன். வாக்கு.

அண்ணி


ஜூலை 15

அண்ணி,

வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். அவசரமாக எழுதுகிறேன்.

வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். மேலாளர் காரணம் கேட்டார், குடும்பச் சண்டை என்றேன். "முடிச்சுட்டு வர்றதா, ஆரம்பிச்சுட்டு வர்றதா?" என்றார். இரண்டும் என்றேன்.

அண்ணனிடம் நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். பாவம் என்று வரவில்லை. பாவமாவது, ஒன்றாவது. எனக்கு அவர் மேல் கட்டுக்கடங்காத கோபம் இருக்கிறது, அதற்காக வருகிறேன்.

வேலை கிடைத்ததை அவரிடம் மறைத்தேன் என்றுதானே அத்தனை சத்தம் போட்டார்? உத்தரவு வந்ததே அன்றைக்கு மத்தியானம்தான். சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லலாம் என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அதற்குள் எங்கள் பேராசிரியர் எந்த லிஃப்டிலோ மாட்டிக்கொள்ள, அதை நெம்பித் திறக்கப் போனவர் இவராக இருக்க, அந்த மனிதர் உள்ளே இருந்தபடியே "தங்கச்சிக்கு மலையில வேலை கெடச்சிருக்காமே, வாழ்த்துகள்" என்று சொல்ல, அதற்கு நான் என்ன செய்வேன்? அன்றைக்கு ஒரு நிமிஷம் என்னைப் பேச விட்டாரா? லிஃப்டில் மாட்டின மனிதரிடம் காட்டின பொறுமையில் பாதியாவது என்னிடம் காட்டினாரா?

இதுதான் முதல் பாயிண்ட். விழுந்ததை எனக்குச் சொல்லாதது இரண்டாவது. அதற்கு மேல் நிறைய இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் இறங்குகிறேன். தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு எதிரே எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காருகிறேன். வரைந்துகொள்ளுங்கள்.

கணக்கு


ஜூலை 22

கணக்கம்மா,

உன் கடிதத்தைக் கட்டில் பக்கத்தில் நின்று, ஒரு வரி விடாமல், உன் குரலிலேயே படித்துக் காட்டினேன். உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று கேட்டதும் என்னை ஒரு முறை முறைத்தார். வியாழன் வயிற்றின் முலாம்பழக் கோட்டைக் காட்டினேன், நம்பவில்லை. நிலா கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரைக் காட்டினேன், நம்பிவிட்டார். "சனியன் பிடிச்சவ, கண்ணா அது" என்றார். அதில் இருந்த பெருமை அவருக்கே தெரிந்திருக்காது.

பேராசிரியர் விஷயம் வந்ததும் கையைக் காட்டிப் படிப்பதை நிறுத்தச் சொன்னார். பிறகு, "சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தாளாமா?" என்றார்.

"ஆமாம்."

"அப்ப நான் கத்தினப்பவே அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க விட்டாத்தானே."

அதோடு ஆரம்பித்தது. "என்னது, எனக்குப் பொறுமை இல்லையாமா? வரட்டும். அவ பாயிண்டு வெச்சிருந்தா எனக்கும் பாயிண்டு இருக்கு" என்று உரக்க எண்ணத் தொடங்கினார். கம்பியை வளைத்தது, மூன்று வருஷத்தில் நேராக அவருக்கு ஒரு கடிதம் போடாதது, உனக்கு உடம்பு முடியாமல் இருந்தபோதெல்லாம் எழுதாமல் இருந்திருப்பாய் என்று அவராகவே ஒரு சந்தேகம். விரல் விட்டுக்கொண்டே போனவர், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அவ நின்னுக்கிட்டுப் பேசுவா. நான் இப்படிக் காலை நீட்டிக்கிட்டுக் கட்டில்ல கெடந்தா, பார்த்ததும் கோபத்தை விட்டுடுவா. அது ஒரு சண்டையா?"

வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தடி எங்கே?" என்றார்.

கட்டிலுக்கு அடியில் படுத்து ஊர்ந்து எடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் எழுந்து நின்றதோடு சரி, சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் உன் அறைக் கதவு வரை வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, என்னை எழுந்திருக்கச் சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்து, வளைந்த கம்பியைக் கொஞ்ச நேரம் திட்டினார். மூன்றாம் நாள் சமையலறை வரை வந்துவிட்டார். நடக்கும்போது உன்னோடு பேசிக்கொண்டே நடக்கிறார். வலிக்கிற இடத்தில் உன்னைத் திட்டுகிறார், அடுத்த காலை வைக்கிறார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார்.

இன்று காலை ஒரு சின்னப் பிரச்சினை. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, ஈசிச்சேரில் சாய்ந்துகொண்டு, முகத்தைத் துடைத்தபடி, "என்ன இருந்தாலும் சின்னப் பொண்ணு. அவ மேலயும் தப்பு இல்ல" என்று முனகினார். எனக்குப் பகீர் என்றது. உடனே உன் கடிதத்தை எடுத்து இரண்டாவது பாயிண்டைத் திரும்பப் படித்தேன். முறைத்துக்கொண்டு எழுந்து மறுபடி நடந்தார். ஆனால் இதை எத்தனை தடவை படிப்பேன்?

ஆகஸ்ட் வரை காத்திருக்காதே. அடுத்த வண்டியிலேயே கிளம்பு. அவர் கோபம் ஆறுவதற்குள் வந்துவிடு.

உன்
அண்ணி